நாயகி பாவம் வெறும் மென்மைதானா?

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 100 பதிகங்களில் 27 பெண் குரலில் வருகின்றன. உள்ளே இருக்கிற மென்மையை வளர்க்கும் சாதனை என்று இதை விளக்குவார்கள். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது.

அந்த 27-இல் தலைவிக்கு 17, தாய்க்கு 7, தோழிக்கு 3. (எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியலை, தொழில் புத்தி!) நான்காம் பத்தில் தோழி, 'வெறியாட்டெல்லாம் வேண்டாம், இவ நோயே வேற'ன்னு வீட்டாரிடம் அடிச்சுச் சொல்றா. ஐந்தாம் பத்தில் தலைவி மடலூரத் துணிகிறாள். பெண்ணுக்குத் தொல்காப்பியம் மறுத்த காரியம் அது. இவர்களைக் குழைவு என்ற ஒரே சொல்லில் அடக்கினால் ஆழ்வாரின் பாதி அனுபவம் போய்விடும். ஏழாம் பத்தில் தாய் உருகத்தான் உருகுகிறாள். ஆனால், 'என் பொண்ணை என்ன செய்யறதா உத்தேசம்?' என்று திருவரங்கனையே கேட்டு நிற்கிறாள்.