பாட்டும் ஏடும்: சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்புப் பணியை முன்வைத்து

தேயிலைத் தோட்டங்களைப் பற்றி இருவகை ஏடுகள் எழுதப்பட்டன. ஒன்று தோட்டத்து அலுவலகத்திலே பேணப்பட்டது. எந்தப் பெண் எந்த நாளில் எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தாள் என்பது அதிலே அவள் பெயருக்கு நேரே பதியப்பட்டது. இறாத்தல் போய்க் கிலோ வந்த பின்னரும் அந்தக் கணக்கு நின்றதில்லை. மற்றையது எந்தக் கம்பனியும் கேளாத ஏடு. கொழுந்து பறித்த அதே பெண் பாடிய பாட்டு அதிலே எழுதப்பட்டது. முதல் ஏட்டைப் பேணுவதற்குச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் இருந்தனர். இரண்டாவது ஏட்டைப் பேணியோர் தமது ஓய்வு நேரத்தையும் கைப்பொருளையும் செலவிட்ட தனிமனிதர்கள். அவர்களுள் தலையாயவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் பல காலம் சேர்த்து வைத்து வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பு நமக்கு எதனைத் தந்தது, எதனைத் தராது விட்டது, அதனைத் தொடர வேண்டிய நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோம் என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

மலைநாட்டுப் பாடல்களிலே ‘கண்டிச் சீமை’ என்னும் தொடர் அடிக்கடி வருவதை வாசகர் அறிவர். கண்டி நகரிலிருந்து எழுதும் நமக்கு இத்தொடர் தனிப்பொருளுடையது. அது அரசர் ஆண்ட தலைநகரை மட்டும் குறிப்பதன்று. வாவியையும் தலதா மாளிகையையும் காண வந்தவர் இட்ட பெயருமன்று. 1824 இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியிற் கோப்பித் தோட்டம் தொடங்கப்பட்டது. அக்காலம் முதலாகத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த உழைப்பாளிகள், மலைநாடு முழுவதற்கும் வழங்கிய பெயர் அது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பயிர் அழிந்தது, கோப்பிக் காலத்துப் பாட்டு அழியவில்லை. அது தேயிலை மலைக்கும் ஏறியது. துரைமார் எழுதிய நினைவு நூல்கள் நூலகங்களில் உண்டு. காட்டு வழியே நடந்து வந்தவர் தம் கைப்பட எழுதி வைத்தவை அரிது. ஆதலின், நடந்தவரின் பக்கத்துச் சாட்சியாக நமக்கு எஞ்சியிருப்பவற்றுள் பாட்டே பிரதானமானது.

சி. வி. இம்மக்களைப் பார்க்க வந்தவரல்லர், அவர்களுக்குள்ளே பிறந்தவர். 1914 இல் வட்டகொடையிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, ஹட்டனிற் கல்வி கற்று, இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; அதையடுத்து 1949 இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. தம்மைத் தெரிவு செய்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அழிக்கப்படுவதைப் பாராளுமன்றத்தில் இருந்தபடியே கண்டவர் அவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதை, சக்தீ பால ஐயாவின் கைவண்ணத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாயிற்று. நாவல்களும் நடைச்சித்திரங்களும் எழுதினார், தொழிற்சங்கத்தில் உழைத்தார். இத்தனை வேலைகளுக்கிடையே, இடாப்பிலே பெயரழிந்த மக்களின் பாட்டை ஏட்டிலே ஏற்றும் பணியையும் அவர் கைவிடவில்லை.

இத்தொகுப்பு அச்சேறிய சூழலையும் நாம் மறத்தலாகாது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் பாதிபாதியாகப் பகிர்ந்து கொண்டன. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். ஒரு வண்டிக்கே பாட்டின் பெயரை இடுமளவுக்குப் பிரிவு பெரிதாயிருந்தது. அந்த வண்டியிற் சென்றவர்களோடு பாட்டும் சென்றது. பாடியவள் நீலகிரியிலும், எதிர்ப்பாட்டுப் பாடியவள் புசல்லாவையிலுமாகப் பிரிந்தனர். 1983 இல், இந்நாட்டுத் தமிழ் மக்கள் மீது கொடிய வன்செயல் நிகழ்ந்த அதே ஆண்டில், கண்டிச் சீமையின் பாட்டுகள் சென்னையிலே நூலாகி வெளிவந்தன. அடுத்த ஆண்டு சி. வி. காலமானார். இன்னுஞ் சில ஆண்டு தாமதித்திருந்தால் இவற்றுட் பல நமக்குக் கிடைத்திரா.

நூலின் சிறப்பு யாது? பாட்டை அது பிறந்த வாழ்க்கையிலிருந்து பிடுங்கி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியிலே வைக்கவில்லை என்பதே. பெரட்டுக்கு அழைக்கும் தப்பு, கங்காணியின் அதட்டல், பிள்ளைக் காம்பிராவிலே விட்டுவந்த குழந்தை, மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியவற்றின் நடுவே வைத்துத்தான் பாட்டை விளங்கிக் கொள்ள முடியும் என்பதைச் சி. வி. நன்குணர்ந்திருந்தார். எனவேதான் அவருடைய தொகுப்பைப் படிக்கும்போது, பாட்டுக்கு உரை எழுதும் புலவரின் குரலன்றி, அப்பாட்டைத் தாயின் மடியிலே கேட்ட ஒருவரின் குரல் நமக்குக் கேட்கிறது. இது பல்கலைக்கழகப் பயிற்சியால் மட்டும் வருவதன்று.

எனினும், போற்றுதல் மட்டுமே விமர்சனமாகாது. தொகுப்பிலுள்ள இரு குறைகளை நாம் சொல்லியே ஆகவேண்டும். முதலாவது, பாட்டின் சொல் இருக்கிறது, இசை இல்லை. தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் வெறுஞ் சொற்களாகப் படிக்கும் மாணவன் அவற்றைக் குறைபட்ட செய்யுள் என்றே எண்ணுவான். எங்கே இழுத்தார்கள், எங்கே மூச்சு விட்டார்கள், எங்கே மற்றவர்கள் சேர்ந்து கொண்டார்கள் என்பன தெரியாதபோது பாட்டின் செம்பாதி போய்விடுகிறது. இரண்டாவது குறை இதனினும் பெரிது. பாடியவர் யார்? எந்தத் தோட்டம்? எந்த ஆண்டு? எந்த வேலை செய்பவர்? இவ்வினாக்களுக்கு ஏட்டில் விடை காண்பது அரிது. துரையின் ஏட்டிலே கொழுந்தின் எடைக்கு நேரே பெயர் இருந்தது. மக்கள் எழுத்தாளனின் ஏட்டிலே பாட்டுக்கு நேரே பெயர் இல்லை.

இது சி. வி. ஒருவரின் குறையன்று, நமது துறையின் குறை. பாளையங்கோட்டையிலே தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய ஆசிரியரான நா. வானமாமலை 1964 இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலை வெளியிட்டபோது, பாட்டுகளுக்குக் கீழே சேகரித்தவர் பெயரையும் இடத்தையும் குறித்தார். அஃது ஒரு பெரும் முன்னேற்றம். கிராமத்துத் தோழர்களின் உழைப்பு அவரது நூலில் மறைக்கப்படவில்லை. ஆனால் ஆங்கும் பாடியவர் பெரும்பாலும் பெயரற்றவராகவே நின்றார்.

‘நாட்டார் பாடல் சமூகத்தின் பொதுச் சொத்து, அதற்குத் தனிமனிதர் பெயரிடுவது முதலாளித்துவச் சிந்தனை’ என்று நம்முட் சிலர் கூறுவதுண்டு. இவ்வாதம் மேலோட்டமானது. பாடுபவர் பாட்டின் உடைமையாளர் அல்லர் என்பது மெய்யே. ஆனால் அவர் அதனைச் சுமந்து வந்தவர். சுமந்து வரும்போது மாற்றியவர். தாய்நாட்டு மாமன் பாட்டிலே கங்காணி நுழைந்ததும், ஆற்றங்கரை இருந்த இடத்தில் மலைச்சரிவு வந்ததும், யாரோ ஒருத்தி ஒருநாள் வேலை முடிந்து திரும்பியபோது செய்த மாற்றத்தால்தான். அந்த மாற்றத்திலேதான் வர்க்க அனுபவம் பாட்டுக்குள் வருகிறது. எங்கே, எப்போது, யாரிடம் மாறியது என்பதை அறியாது வரலாறு எழுத முடியாது. தப்படிக்கும் கலைஞனுக்கு இது இன்னும் பொருந்தும். திருவிழாவிலே அவனுடைய கை வேண்டும். சாதிப் படியிலே அவனுடைய பெயர் வேண்டாம் என்ற நிலையை, நமது ஏடும் மௌனத்தால் ஆமோதிக்கலாமா?

ஹங்கேரியின் இசைமேதை பேலா பார்ட்டோக் இதற்கு விடை காட்டியிருக்கிறார். 1900களின் நடுப்பகுதியிற் கோடாயுடன் சேர்ந்து குடியானவர் பாடல்களைத் தேடிப் புறப்பட்ட அவர், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரூராகச் சென்றார். பாட்டுடன் ஊரையும் நாளையும் பாடியவரின் பெயரையும் வயதையும் குறித்தார். தமது இன மக்களின் பாட்டோடு நில்லாது ருமேனிய, சிலொவாக்கியப் பாட்டுகளையும், 1936 இல் துருக்கியிற் பாட்டுகளையும் சேர்த்தார். இனவெறி தலைதூக்கிய ஐரோப்பாவில், அயலவன் பாட்டும் தன் பாட்டும் ஒன்றிலொன்று கலந்தே வளர்ந்தன என்று காட்டுவதற்கு அவருடைய ஏடே ஆதாரமாயிற்று. இவரும் ஓர் ஆசிரியர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1907 முதல் 1934 வரை புடாபெஸ்ட் இசைக் கல்விக்கூடத்திற் பியானோ கற்பித்துக்கொண்டே அவர் இதனைச் செய்தார். நேரமில்லை என்று சொல்வோர் இதனைச் சிந்திக்கட்டும்.

நமது முகாமின் தவறொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். முற்போக்காளர் பலர் தொகுப்பைத் திறந்ததும் துரையை ஏசும் பாட்டையும் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டையும் மட்டும் பொறுக்கி எடுத்து மேற்கோள் காட்டுகின்றனர். காதற்பாட்டும் தாலாட்டும் சாமி பாட்டும் அவர்களுக்கு இடைஞ்சலாகத் தோன்றுகின்றன. நமக்கு வேண்டிய கருத்தை மக்கள் வாயிலே நாமே திணித்துவிட்டு, மக்கள் சொன்னார்கள் என்று கூறுவது நேர்மையாகாது. பத்து மணி நேரம் மழையில் நின்றவள் இரவிலே குழந்தைக்கு எதைப் பாடினாள் என்பதும் உழைப்பின் வரலாறே.

பிறரைக் குறைகூறும் நாம் நமது குறையையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டிலுள்ள முதியோரிடம் பாட்டுக் கேட்டு வருமாறு நமது வகுப்புக்குப் பணித்தோம். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் அம்மாயியிடம் ஒப்பாரி கேட்டாள். “வீட்டுக்குள்ள வெச்சு ஒப்பாரி சொல்லக் கூடாது புள்ள, ஆகாது” என்று மூதாட்டி மறுத்துவிட்டார். பின்னர் பேத்தியைப் பீலிக்கரைக்கு அழைத்துச் சென்று, விழும் தண்ணீரின் ஓசைக்கு நடுவே பாடினார். மாணவி கைத்தொலைபேசியிலே பதிவு செய்து வந்தாள். வகுப்பிலே கேட்டோம்; பாராட்டினோம்; புள்ளி வழங்கினோம்; அத்துடன் விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு தொலைபேசி பழுதாயிற்று. அதற்கடுத்த ஆண்டு மூதாட்டி மறைந்தார். மாணவியின் அப்பியாசக் கொப்பியிலே பதினொரு வரிகள் மட்டும் எஞ்சின. அவற்றின் மேலே ‘எனது அம்மாயி பாடியது’ என்று எழுதப்பட்டிருந்தது. அவருடைய பெயரை எழுதும்படி நாம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தோட்டத்துக் கணக்கிலே அவருடைய பெயர் ஆண்டாண்டுகளாக நாள் தவறாது எழுதப்பட்டிருக்கும்.

ஒருமுறை கேட்டுப் பதிவு செய்வது தொகுப்பாகாது என்பதை இதனாற் கற்றோம். 2023 இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது எங்கும் உற்சாகம் பொங்கியது, பாட்டுகளும் ஒலித்தன. அவ்வாண்டிற் பதிவு செய்யப்பட்டவை இன்று யாரிடம் உள்ளன, எந்த ஒழுங்கில் உள்ளன என்று கேட்போமாயின் பெருமைப்பட இடமிராது. விழா ஒரு மாதத்தில் முடியும். ஏடு இருபது ஆண்டு கேட்கும். இன்று மறுத்தவர் மறுஆண்டு பாடுவார். சென்ற ஆண்டு பாடியவர் இவ்வாண்டு வேறொரு வரி சேர்ப்பார். கவ்வாத்துக் காலத்திற் கேட்காத பாட்டு கொழுந்து கூடிய மாதத்திற் கேட்கும். தொடர்ந்து செல்பவருக்கே இவை வாய்க்கும். தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிந்துகொண்டே ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு, 1993 இல் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ என்ற நூலைத் தந்த சாரல் நாடன், சி. வி.யின் வழி அவரோடு முடியவில்லை என்பதைக் காட்டினார்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு சிறு வேலைத்திட்டத்தை முன்வைக்கிறோம். பெரிய பணமோ நிறுவனமோ இதற்குத் தேவையில்லை. பாடசாலைக்கு ஒரு தடித்த கொப்பி போதும். பாட்டுக்கு முன்னே பாடியவரின் பெயர், வயது, தோட்டம், செய்த வேலை, பாட்டைக் கற்ற இடம், பதிந்த நாள் ஆகியவை எழுதப்படல் வேண்டும். பெயர் வெளியிட விரும்பாதவரின் விருப்பத்தையும் மதித்துக் குறித்தல் வேண்டும். கைத்தொலைபேசியிற் பதிந்த ஒலியை அன்றே வேறு இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்தல் வேண்டும். பாட்டைத் திருத்தலாகாது, கொச்சை என்று கருதி ஒரு சொல்லையேனும் மாற்றலாகாது. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது கொப்பி அடுத்தவர் கைக்கு மாறவேண்டும். பாடியவருக்கு அவருடைய பாட்டை ஒருமுறை படித்துக் காட்டவும் வேண்டும். தம் சொல் எழுத்தாயிற்று என்பதை அறியும் முதல் உரிமை அவருடையது.

சி. வி. வேலுப்பிள்ளை தமது காலத்தின் நெருக்கடிகளுக்குள் நின்று தம்மால் இயன்றதைச் செய்து முடித்தார். அவருடைய ஏட்டைப் புகழ்ந்து கூட்டம் நடத்துவதினும், அதிலே விடுபட்ட பெயர்களை இனிவரும் பக்கங்களிலேனும் எழுதுவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். நமது பாடசாலைக் கொப்பியின் முதற் பக்கத்திலே அந்தப் பதினொரு வரிகளையும் பிரதி செய்து வைத்திருக்கிறோம். அவற்றின் மேலே, மாணவியிடம் கேட்டறிந்து, அம்மாயியின் பெயரை எழுதியிருக்கிறோம். பிந்தியேனும் எழுதினோம். மற்றவர்களின் பெயர்களைப் பிந்தாது எழுதுவோமாக.