பிசிறில்லாத கோடு

எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் ஸ்லைடு போடாத நாளில்லை. மூலையில் ஒட்டிய லோகோ, பெரிய திரைக்குப் போனதும் கட்டம் கட்டமாகப் பிசிறடிப்பதும் வழக்கம்தான். ஜேபிஜி படம் புள்ளிகளின் குவியல். இழுத்தால் புள்ளியும் பருக்கும். எஸ்விஜி அப்படியல்ல. கோலம் போடுபவர் கையைப் போல, எங்கே தொடங்கி எப்படி வளைய வேண்டும் என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கிறது; வாசலின் அளவுக்கேற்பப் புதிதாக வரைந்துகொள்கிறது. 2001-ல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி தரமாக அறிவித்த இந்தக் கோப்பு வகையை இன்றைய பவர்பாயிண்ட், லிப்ரே ஆபிஸ் இரண்டும் நேரடியாகவே ஏற்கின்றன. படத்தைத் தனித்தனி வடிவங்களாகப் பிரித்து, ஒரே ஒரு அம்புக்குறியின் நிறத்தை மட்டும் மாற்றும் சுகமே தனி! புகைப்படத்துக்கு ஜேபிஜி இருக்கட்டும். லோகோவுக்கும் விளக்கப்படத்துக்கும் டிசைனரிடம் எஸ்விஜி கேட்டு வாங்குங்கள்.