வரிசையை யார் கலைக்கலாம்?

சென்னைத் துறைமுகத்துக்குள் கண்டெய்னர் டிரெய்லர்கள் நுழையும் ராயபுரம் பக்கத்து வாயிலுக்கு ‘சீரோ கேட்’ என்று பெயர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே தொடங்கும் வரிசை திருவொற்றியூரையும் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீளும். இரண்டு மூன்று நாள் வண்டியிலேயே கிடந்த டிரைவர்கள் உண்டு. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா வாங்குகிறவருக்கு, நிற்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில அரசு எல்லாம் சேர்ந்து சுமார் 600 கோடி ரூபாய்ச் செலவில் எண்ணூர், மணலிச் சாலைகளை அகலப்படுத்தின. சாலை அகலமானால் வண்டி நிற்க இடம் கிடைக்கும். எந்த வண்டி முதலில் உள்ளே போவது என்பதைச் சாலை தீர்மானிக்க முடியாது.

அந்தக் கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரத்தை ‘கட்-ஆஃப்’ என்பார்கள். இன்றிரவு கட்-ஆஃப் உள்ள பெட்டி பின்னால் நிற்கும். மூன்று நாள் கழித்துப் புறப்படும் கப்பலுக்கான பெட்டி முன்னால் நிற்கும். துறைமுகத்துக்குள் 2001இல் தொடங்கிய கண்டெய்னர் முனையம் ஒன்று, 2009இல் வந்த முனையம் இன்னொன்று. ஒன்றின் யார்டு நிரம்பி வேலை மந்தமானால், மற்றதற்குப் போகவேண்டிய வண்டியும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும். கேட்டில் நிற்கும் பொறுப்பாளருக்கு இதெல்லாம் கண்ணெதிரே தெரியும். ‘வந்த வரிசைப்படி’ என்ற விதிக்குத் தெரியாது.

அப்படியானால் பொறுப்பாளரே கைகாட்டி அவசர வண்டியை அழைக்கட்டுமே? முதல் நாள் அது நல்ல நிர்வாகம். அடுத்த வாரம் அந்தக் கைகாட்டலுக்கு ஒரு விலை வந்துவிடும். நூறு வண்டி வைத்திருப்பவருக்குப் பொறுப்பாளரின் செல்போன் எண் தெரியும். கடன் வாங்கி ஒரே ஒரு டிரெய்லர் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முட்டாள்தனமாகத் தோன்றும் விதி அந்த ஒற்றை வண்டிக்காரருக்கு ஒரு கவசம். உள்ளூர் அனுபவத்தின் பெருமை பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் விஷயம் இது.

பார்சல் லாரி ஆபீஸிலும் இதே கதைதான். ‘டூ பே’ சரக்கு, அதாவது பெறுகிறவர் வாடகை கட்டவேண்டிய சரக்கு, வந்திருக்கிறது. கடைக்காரரிடம் இன்று பணமில்லை. பழைய கிளை மேலாளர் முகத்தைப் பார்த்து, “நாளைக்குக் கொடுங்க” என்று சரக்கை விட்டுவிடுவார். யார் கொடுப்பார், யார் இழுத்தடிப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். தலைமை அலுவலகத்தின் மென்பொருளுக்குப் பணம் ஏறினால்தான் டெலிவரி. வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டிருந்த நம்பிக்கை இதில் அறுகிறது, உண்மைதான். ஆனால் தெரிந்த முகத்துக்குத் தள்ளுபடி, தெரியாத முகத்துக்கு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) என்ற பழைய வழக்கமும் கூடவே அறுகிறது.

1865ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2011இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரே விதமான ரசீது, இழப்பீட்டுக்கு ஒரே வரம்பு. கூடுதல் ‘ரிஸ்க்’ கட்டணம் தருவதாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாவிட்டால், வாடகையைப் போல் பத்து மடங்குதான் உச்ச இழப்பீடு. 500 ரூபாய் வாடகையில் போகும் ஒரு லட்சம் ரூபாய் மோட்டார் தொலைந்தால் கைக்கு வருவது அதிகபட்சம் 5,000. விதி எல்லாருக்கும் சமம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு சமமில்லை. “ரிஸ்க் கட்டணம் சேர்த்துப் போட்டுடுங்க சார்” என்று புக்கிங்கில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். அந்த ஒரு வார்த்தையை எந்த மென்பொருளும் கட்டாயமாக்கியதாகத் தெரியவில்லை.

சீரான விதி புதிய கோணலையும் உண்டாக்கும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005 ஜூலையில், பகலில் எடுக்கும் பெட்டிகளுக்குக் கட்டணம், இரவில் இலவசம் என்று வைத்தார்கள். நெரிசல் இரவுக்குப் பரவியது. கூடவே, இலவச நேரம் தொடங்கட்டும் என்று மாலையில் கேட்டுக்கு வெளியே லாரிகள் குவிந்தன. 2018 நவம்பரில் இரு நேரத்துக்கும் ஒரே கட்டணம், முன்பதிவு நேரம் என்று மாற்றினார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 2018 ஏப்ரலில், சரக்கோடு செல்லவேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணு ரசீதான இ-வே பில் வந்தபோது, வண்டி எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் லாரியைப் பிடித்து நிறுத்தினார்கள். எந்த அதிகாரி எதைப் பிழை என்பார் என்று யாருக்கும் தெரியாது. அந்த செப்டம்பரில் மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது: வண்டி எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றுக்கு வண்டியைப் பிடித்து வைக்க வேண்டாம், மத்திய, மாநில ஜி.எஸ்.டி. சட்டங்களின்கீழ் தலா 500 ரூபாய் அபராதத்தோடு விடலாம். எங்கே வளையலாம், எவ்வளவு வளையலாம் என்பதை விதியே எழுதி வைத்துவிட்டது. பேரத்துக்கு இடம் குறைந்தது, வண்டியும் நகர்ந்தது. ‘விதியா, மேலாளரா’ என்ற பட்டிமன்றத்தைவிட இது பயனுள்ள வழி. கேட்டிலும் இதைச் செய்யலாம்: கட்-ஆஃபுக்கு இத்தனை மணி நேரமே இருந்தால் தனி வரிசை, அழைத்தவர் பெயரும் காரணமும் பதிவில்.

ஆனால் எழுதிக் கொடுத்தாலும் மேலாளர் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் மணலியிலுள்ள ஒரு சரக்குப்பெட்டக நிலையத்திலேயே கிடந்தது. வழக்கு நடந்தது, கோப்பு நடந்தது, அந்த ஆண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி கெட்டும் போனது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் அதே வேதிப்பொருளால் வெடித்த பிறகு சில நாட்களிலேயே மணலிச் சரக்கு ஹைதராபாத்துக்குக் கிளம்பியது. அத்தனை ஆண்டுகளில் யாரும் விதியை மீறியிருக்கத் தேவையில்லை. அவரவர் மேசையில் அவரவர் வேலை ஒழுங்காகவே நடந்திருக்கலாம். தணிக்கைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். போடாமல் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தவரை அல்ல.