சூரியன் எரிகிறதா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்பவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாக உப்புநீர். வரப்போரம் குவித்து வைத்த உப்பு. அங்கே உழைப்பவர்களின் பேச்சைக் கவனியுங்கள். வெயில் காய்கிறது என்பார்கள். உப்பு விளைகிறது என்பார்கள். பாத்தியில் எதுவும் எரிவதில்லை. ஆனாலும் வெப்பம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

அதே ஊரில் படிக்கும் மாணவன் ஒருவன் அறிவியல் நூலைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் எளிய நூல்கள் பலவற்றிலும் மேடைப் பேச்சுகளிலும் சூரியன் ஓர் எரியும் நெருப்புக் கோளம் என்றே அறிமுகமாகிறது. தொலைவு 15 கோடி கிலோமீட்டர், மேற்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ் என்ற எண்களெல்லாம் சரியாகவே இருக்கும். குறை எண்ணில் இல்லை. 'எரியும்' என்ற சொல்லில் இருக்கிறது.

"அது வெறும் உவமைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்று அந்த மாணவனுக்கு வேறொரு பாடத்தில் சொல்லிக்கொடுத்தவர்களும் நாம்தான். அப்படியானால் சூரியனுக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கிறது? அது ஏன் இன்னும் அணையவில்லை? கெட்டிக்கார மாணவன் இப்படித்தான் கேட்பான். உவமையை உண்மைபோல் எழுதிய நூலிடம் இதற்கு விடை இல்லை. ஒரு நல்ல கேள்வி அங்கேயே வாயடைத்துப் போகிறது. நான் வருந்துவது இதற்காகத்தான்.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். சூரியன் முழுவதும் நிலக்கரி என்றும், அது எரியத் தேவையான ஆக்சிஜனும் கிடைக்கிறது என்றும் கொள்ளுங்கள். இன்று தரும் அளவு வெப்பத்தை அது சுமார் 5,000 ஆண்டுகளுக்குத்தான் தர முடியும். சூரியன் தன் எடையால் சுருங்குவதால் வெப்பம் பிறக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் முதலியோர் கருதினர். அந்தக் கணக்கும் சில கோடி ஆண்டுகளோடு நின்றுவிட்டது. ஆனால் சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்!

விடைக்கு வழி திறந்தவர்களில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. 1920-ல் மேகநாத் சாகா, வெப்பத்தால் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழப்பதைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். அதைப் பயன்படுத்தி, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று 1925-ல் செசிலியா பெயின் காட்டினார். அந்த ஹைட்ரஜன் எவ்வாறு ஆற்றல் தருகிறது என்பதை 1939-ல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார். சூரியனின் மையத்தில், சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில், நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கரு ஆகிறது. அப்போது நிறையில் 0.7 சதவீதம் ஆற்றலாக மாறுகிறது. ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாறுகிறது. இதில் தீயும் இல்லை, புகையும் இல்லை, சாம்பலும் இல்லை.

'எரிகிறது' என்பதை விட்டவர்களில் சிலர், ஓயாமல் வெடிக்கும் ஹைட்ரஜன் குண்டு என்று எழுதத் தொடங்குகிறார்கள். இதுவும் பொருந்தாது. சூரியனின் மொத்த ஆற்றலை அதன் மொத்த நிறையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ சூரியப் பொருள் தருவது ஒரு வாட்டில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான்! உப்பு வாரும் தொழிலாளியின் உடல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, கிலோவுக்கு ஒரு வாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறது. சூரியனின் வல்லமை அதன் ஆவேசத்தில் இல்லை. அளவிறந்த பருமனில் இருக்கிறது. மையம் சற்றுச் சூடேறினால் அது விரிந்து குளிர்கிறது, இணைவும் குறைகிறது. தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்த ஒழுங்கு எந்தக் குண்டுக்கு உண்டு?

தீ என்று சொல்லிவிட்டால் சூரியனின் கரும்புள்ளிகளையும் விளக்க முடியாது. கொடைக்கானல் ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கவனித்து வருகிறது. கரும்புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். வலிய காந்தப்புலம் உள்ளிருந்து மேலெழும் வெப்பத்தைத் தடுப்பதால் அவ்விடம் குளிர்ந்து, சுற்றுப்புறத்தைவிட மங்கித் தெரிகிறது. தீயை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எப்படிப் புரிந்துகொள்வது?

இனி மரக்காணத்துப் பாத்திக்கே திரும்புவோம். தெளிந்த வானில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் தருகிறது. அது முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால் மணிக்கு ஒன்றரை லிட்டர் நீர் போகும். ஒரு கிலோ சாதாரண உப்புக்கு ஏறத்தாழ 37 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். அதாவது, ஒரு சதுர மீட்டரில் 25 மணி நேர உச்சி வெயில்! அந்த வெப்பம் சூரியனின் மேற்பரப்பிலிருந்து இங்கு வர 8 நிமிடம் 20 விநாடிதான் ஆகிறது. ஆனால் மையத்தில் பிறந்த ஆற்றல் மேற்பரப்பை எட்டவே ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேலாகிறது.

நம் குழம்பில் கரையும் உப்புக்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருக்கிறது. அதை 'எரிகிறது' என்ற ஒரு சொல்லில் மூடிவிடலாமா? நூல் எழுதுவோரே, ஆசிரியர்களே, சூரியன் ஒளிர்கிறது என்று எழுதுங்கள்; காய்கிறது என்று சொல்லுங்கள். மாணவர்களே, எரிகிறது என்று யாராவது சொன்னால், "காற்று ஏது?" என்று தயங்காமல் கேளுங்கள்.