கேட்ஸ்பி எறிந்த தங்கக் காசு

1926ல் வெளியான 'தி கிரேட் கேட்ஸ்பி' மௌனப்படத்தில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒரு நிமிஷ ட்ரெய்லர் மட்டும்தான். அமெரிக்க மௌனப்படங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் தொலைந்துபோனவை, அதில் இதுவும் ஒன்று. ஹெர்பர்ட் பிரெனன் இயக்கம், வார்னர் பேக்ஸ்டர் கேட்ஸ்பி. (பின்னாளில் சிரிக்கவைக்கும் துப்பறிவாளராகப் பேர் வாங்கிய வில்லியம் பவல்தான் இதில் கராஜ்காரர் வில்சன்!) ட்ரெய்லரை நாலைந்து தடவை பார்த்தேன். விருந்து, கூட்டம், பரபரப்பு. டிக்கெட் விற்க வெட்டியது வேறெப்படி இருக்கும்?

நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்டும் மனைவி ஸெல்டாவும் படம் பார்க்கப் போய், பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்கள். படு மோசம் என்று மகளுக்குக் கடிதம் எழுதினார் ஸெல்டா. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தீர்ப்பையே திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

காரணம், அப்போது நியூயார்க் டைம்ஸில் மார்டான்ட் ஹால் எழுதிய விமர்சனம். அதில் ஒரு காட்சியை விவரிக்கிறார்: கேட்ஸ்பி இருபது டாலர் தங்கக் காசுகளை நீச்சல்குளத்தில் எறிகிறான், பெண்கள் குதித்துப் பொறுக்குகிறார்கள். ஒருத்தி என்ன எறிகிறான் என்று விசாரிக்கிறாள். நிஜத் தங்கம் என்று தெரிந்ததும் அவளும் தொபுக்கடீர். ஹாலுக்கு இது நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான். டெய்ஸி குடிக்கிற அப்சிந்த்தின் அளவுதான் அவரை உறுத்தியிருக்கிறது.

நாவலில் இந்தக் காட்சி கிடையாது. அங்கே பணம் இருப்பது டெய்ஸியின் குரலில். கேட்ஸ்பியே அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறான். மௌனப்படக்காரர்கள் குரலுக்கு எங்கே போவார்கள்? அதனால் பணத்தை நிஜமாகவே தூக்கி எறியவைத்துவிட்டார்கள். மலிவான வித்தைதான், ஒத்துக்கிறேன். ஆனால் எறிந்த இடம் எது பாருங்கள். நாவலில் கேட்ஸ்பி அந்தக் கோடை முழுக்க இறங்காத குளம் அது. கடைசியில் இறங்குகிற அன்றைக்குத்தான் சுடப்படுகிறான். ஊரே தங்கத்துக்காக முங்கி எழுந்த தண்ணீரில் அவன் பிணம் தனியாக மிதக்கும் என்றால், புத்தகத்தில் இல்லாத ஒரு கொடூரம் அது. அப்படியானால் நாவலைச் சரியாகப் படித்த யாரோ ஒருத்தர் அந்த ஸ்டூடியோவில் இருந்திருக்கிறார்.

இல்லை, சும்மா ஜனங்களைச் சிரிக்கவைக்கச் சேர்த்ததாகவும் இருக்கலாம். எண்பது நிமிஷப் படத்தில் அந்தக் குளம் வருகிற இரண்டு நிமிஷம் எங்காவது ஒரு டப்பாவில் கிடைத்தால்கூடப் போதும், ஸெல்டாவோடு சண்டை போட்டுப் பார்த்துவிடுவேன்.