கேத்தியில் விஜியின் பக்கம்

சின்ன வயதில் தூர்தர்ஷனில் 'மூன்றாம் பிறை' பார்த்தபோது எனக்கு அது சாகசக் கதை. ஏதோ கெட்ட இடத்தில் அடைபட்டிருந்த விஜி அக்காவை வாத்தியார் சீனு மீட்டு, ஊட்டிக் குளிருக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறார். சுப்பிரமணி என்று ஒரு நாய்க்குட்டி வேறு. கடைசியில் ரயில் கிளம்பும்போது விஜி மேல் எனக்கு அப்படியொரு கோபம். இவ்வளவு செய்தவனை எப்படி மறந்தாள்?

1982 பிப்ரவரியில் வெளியான படம். சீனுவாக நடித்த கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர், இயக்குநர் பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளர் என்று இரண்டு தேசிய விருதுகள் பெற்றது. இப்போது பார்த்தால் கண் சீனுவை விட்டு விஜியிடமே போகிறது. விபத்தில் நினைவு பிசகி, மனதளவில் குழந்தையாகிவிட்டவள். அவளுக்கும் சேர்த்து அவனே காதலித்துக்கொள்கிறான். போலீஸ் வந்ததும் சீனு தலைமறைவாகிறான். அன்று அவனுக்காகப் பயந்தேன். இன்று, மகளைத் தேடி விளம்பரம் கொடுத்த அப்பாவின் முகம்தான் நெஞ்சை அழுத்துகிறது.

விஜிக்கு நினைவு திரும்பிய பின் வரும் கேத்தி ரயில் நிலையக் காட்சியில், சேறும் மழையுமாகத் தன்னை நினைவூட்டக் குரங்குச் சேட்டை செய்கிற சீனுவைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. நான் விஜியாக நடித்த ஸ்ரீதேவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கேயோ பார்த்த முகமாயிற்றே என்ற சலனம் ஒரு நொடிகூட அவரிடம் வரவில்லை. பைத்தியக்காரப் பிச்சைக்காரன் என்று நினைத்து விஜி பரிதாபப்படுகிறாள், அவ்வளவுதான். அவளைப் பொறுத்தவரை அந்த நாட்கள் நடக்கவே இல்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் ஒரு சின்னப் புருவச் சுளிப்பையாவது வைத்து நம்மைத் தேற்றியிருப்பார்கள்.

மலையில் நடக்கும் இன்னொரு காதல் கதையாக 1989இல் தெலுங்கிலிருந்து வந்த 'இதயத்தைத் திருடாதே' படத்தில் பி.சி. ஸ்ரீராம் பிடித்த பனி இன்றும் அப்படியே குளிர்கிறது. சாகப்போகிற இருவரின் உடம்பில் நோய்தான் தெரியவில்லை.

'ரோஜா' (1992) கதை வேறு. காஷ்மீரில் படமெடுக்க முடியாத காலம். காஷ்மீர் என்று நான் நம்பிய இடங்களில் குன்னூரும் ஊட்டியும் மணாலியும் இருந்தன. அந்தப் படம் யாருடைய தேசத்தை ஒன்றிணைக்கிறது என்று 1994இல் ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா கேட்ட கேள்வியைப் படித்தபின், தேசியக்கொடி எரியும் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடிந்ததில்லை. ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண் அதிகாரிகள் முன்னால் நின்று, கடத்தப்பட்ட புருஷனைக் கேட்கும் இடம் இன்னும் கலங்கவைக்கிறது.

இந்தக் காதலர்கள் எல்லோருமே மலைக்கு வந்துபோகிறவர்கள். கேத்திப் பள்ளத்தாக்கின் படகர் ஊர்களும், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழரும் இந்தக் கதைகளுக்குள் வரவில்லை. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர் என்பதால், அந்தக் கேமராவில் அவர்களையும் பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

போன முறை மலை ரயிலில் போனபோது கேத்தியில் பலர் இறங்கி, சீனு விழுந்த இடத்தைத் தேடினார்கள். நான் இறங்கவில்லை. விஜியைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சரிவில் கேரட் பாத்திக்குள் தலைமுண்டு கட்டிய அம்மா ஒருவர் நிமிர்ந்து ரயிலைப் பார்த்தார். பிறகு குனிந்து களையெடுக்கத் தொடங்கினார்.