தோட்டப் பள்ளியும் தேர்ச்சி விழுக்காடும்

ஒரு பள்ளியின் தரத்தைத் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே தீர்மானிக்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. 1988 முதல் நடைபெற்றுவந்த ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021-ல் நீக்கப்பட்டது. ஆயினும், அது பழக்கிய கண்ணோட்டம் நீங்கினபாடில்லை. சுங்கைப்பட்டாணி நகரப் பள்ளி உயர்ந்தது, புக்கிட் செலம்பாவ், பீடோங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி தாழ்ந்தது என்பார் இன்றும் உளர். இம்முடிபு பொருந்துமா என ஆராய்வோம்.

முதற்கண் கணக்கைக் காண்போம். எட்டுப் பிள்ளைகள் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி 87.5 விழுக்காடாக இறங்கும். நூற்றுவர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலும் 99 விழுக்காடு நிற்கும். இதனை ஆசிரியர் திறமைக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் எங்ஙனம் சாலும்?

இனி வளத்தை நோக்குவோம். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் பள்ளிகள் தோட்ட நிலத்திலேயே எழுந்தன. 1956-ம் ஆண்டு ரசாக் அறிக்கைக்கும் 1957-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கும் பின்னர் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. நிலமோ பல இடங்களில் கைமாறவில்லை. முழு உதவி, பகுதி உதவி என்னும் பாகுபாடு இதனை ஒட்டியதே. பகுதி உதவிப் பள்ளிக்குச் சிறப்பு மானியம் அவ்வப்போது கிடைப்பினும், கூரைக்கும் சுவருக்கும் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடை திரட்ட வேண்டியுள்ளது.

ரப்பர் குறைந்து செம்பனை பெருகவே, லயத்துக் குடும்பங்கள் நகரை நாடின. 1957-ல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று நாடு முழுவதிலும் ஏறத்தாழ 530. எஞ்சிய சிறு பள்ளிகளில் இரு வகுப்பினரை ஓரறையில் இருத்தி ஓராசிரியரே கற்பிப்பதும் உண்டு.

"வளத்தால் ஆவதென்ன? குடும்பச் சூழலன்றோ கல்வியை நிர்ணயிப்பது!" என்பார், அமெரிக்காவில் 1966-ல் வெளிவந்த கோல்மன் அறிக்கையைத் துணைக்கழைக்கலாம். குடும்பப் பின்னணியின் வலிமையை அவ்வறிக்கை காட்டியது மெய். ஆயின், அது நம் வாதத்துக்கே அரணாகும். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குப் பள்ளிதான் மிகுதியும் செய்தாக வேண்டும். அத்தகைய பள்ளிக்குக் குறைவாகத் தருவது முறையாகுமா?

தோட்டப் பள்ளியில் குறையே இல்லை என்பது நம் கருத்தன்று. முதலாம் ஆண்டில் பிள்ளை எந்நிலையில் வந்தது, ஆறாம் ஆண்டில் எந்நிலையை எய்தியது என்று அளந்தால் உண்மைக் குறையும் புலப்படும், நிறையும் புலப்படும். வெறும் விழுக்காட்டை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளை மாற்றுவர். மாணவர் தொகை குன்றும். பின்பு அத்தொகையையே காட்டிப் பள்ளியை மூடச் சொல்வர். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். ஒரு தட்டில் முன்பே கல்லை வைத்துவிட்டு நிறுப்பது அக்கோலுக்கு இழுக்கு.